காற்றுக்கு முதுகு காட்டி

ஈரப் போர்வையை இரண்டு கையிலும் தூக்கிப் பிடித்தபடி பக்கிரிசாமி முதலில் வானத்துக்குக் காது கொடுப்பார். தலை சற்றே சாய்ந்திருக்கும். வாய் லேசாகத் திறந்திருக்கும். ஒன்றும் கேட்கவில்லை என்று உறுதியான பிறகுதான் போர்வை கொடியில் ஏறும்.

மலாயாவில், பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸுக்குத் துணி வெளுக்கும் தோபி அவர். வீட்டுக்கு ஒரு குறியை, துவைத்தாலும் அழியாத சேங்கொட்டைச் சாற்றில் இட்டு வைத்திருக்கிறார். ஸ்டேஷன் மாஸ்டர் வீட்டுக்கு மூன்று புள்ளி, என் வீட்டுக்கு ஒரு கொக்கி. எழுத்து தெரியாது, ஆனால் ஒரு துணிகூட வீடு மாறிப் போனதில்லை. அதற்கு மேல் அவரைப் புகழ என்னிடம் ஒன்றுமில்லை. இரண்டு வருஷமாக அவர் வெளுப்பில் மஞ்சள் தட்டுகிறது.

அதற்கு முன் அவர் கொடி கட்டியதே இல்லை. கிள்ளான் சாலைக்கு அப்பால் ஈயம் தோண்டி முடித்த நிலம் ஒன்று மணல் நிரவி, புல் முளைத்துக் கிடக்கிறது. கிழக்கு ஓரத்தில் ஆழம் தெரியாத ஒரு குட்டை. அந்தப் புல்லில்தான் துணி வெயில் குடிக்கும். காற்றுக்கு முதுகு காட்டி நின்று உதறினால், காற்றே போர்வையை முன்னால் விரித்துக் கொடுத்துவிடும். அப்படியே நடந்துகொண்டே ஒன்றன்பின் ஒன்றாக விரித்துப் போவார்.

இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு பிற்பகல், மேற்கிலிருந்து மேல்காற்று. எட்டுப் போர்வைகளை நீளவாக்கில் விரித்துப் போனவருக்கு எதிரே குட்டை வந்துவிட்டது. மீதி இரண்டைக் குறுக்கே போட்டார். நிமிர்வதற்குள் வெள்ளைத் துணிமேல் ஒரு நிழல் ஓடியது.

“சத்தமே இல்லீங்க. சூடா நாலு சொட்டு எண்ணெ துணியில விழுந்துச்சு. அண்ணாந்து பாத்தா ஆகாயக் கப்பலு. முன்னால சுத்துற கட்டை அசையாம நிக்குது. கம்பியில காத்து மட்டும் ஊளையிடுது.”

விமானத் திடல்களில் இறங்கும் திசையைக் காட்ட வெள்ளைத் துணியை இப்படித்தான் விரிப்பார்களாம்: நீளமாக ஒன்று, அதன் தலைமாட்டில் குறுக்காக ஒன்று. குறுக்குத் துணி காற்று வரும் பக்கம் இருக்க வேண்டும். காற்றை எதிர்த்து இறங்கும் விமானம்தான் சீக்கிரம் நிற்கும். பக்கிரிசாமி போட்டது தலைகீழ். இயந்திரம் நின்றுபோய், இறங்க இடம் தேடிய ஒரு தோட்டத் துரை அதை நம்பினார். பின்காற்று தள்ளிக்கொண்டு போக, விமானம் குட்டையில் மூக்கைச் செருகி நின்றது.

துரை இடுப்பளவு தண்ணீரில் நடந்து வந்தார். நெற்றி பிளந்திருந்தது. “‘லூ பாங்கில், சாயா டாத்தாங்’னாரு. நீ கூப்புட்ட, நான் வந்துட்டேன்னு. ரத்தம் வாய்க்குள்ள ஒழுகுது, மனுசன் சிரிக்கிறாரு.”

உடைந்த விமானத்தை இழுத்துப் போக மறுநாள் வந்தபோது, துணியின் திசையை விளக்கியவரும் துரைதான். பக்கிரிசாமியைத் தின்றுகொண்டிருப்பது திசை அல்ல.

“விரிக்கையில தூரத்துல இரைஞ்சுகிட்டுதானுங்க இருந்துச்சு. எஞ்சினு நின்னப்புறம் நான் விரிக்கலீங்க. நான் விரிச்சப்புறந்தான் அது நின்னுச்சு.”

ஒன்றுக்குப் பின் ஒன்று நடப்பதாலேயே முன்னது பின்னதற்குக் காரணமாகிவிடாது என்று சொன்னேன்.

“காத்தடிக்குது, துணி ஆடுது. அதுவும் ஒண்ணுக்குப் பின்னால ஒண்ணுதானுங்களே, ஐயா?”

 

விமானம் விழுந்த அன்றிலிருந்து அவர் தரையில் ஒரு கைக்குட்டைகூட விரித்ததில்லை. அதே புல் நிலத்தின் நிழலோரக் கொடியில் காயும் துணிக்கு வெளுப்பு ஏறவில்லை. நான்கு வீடுகள் வேறு தோபியிடம் போய்விட்டன. மூன்று புள்ளி வீடும் மாதக் கடைசியில் போகப்போகிறது. அது போனால் தொழிலும் போனதுதான்.

“மேல போறவனுக்குப் பயந்துகிட்டு கொடியில காயப்போடுற தோபி, இந்த மலாயாவுல இவரு ஒருத்தருதான் லா,” என்பார் அவர் மனைவி நல்லம்மாள். 

போன வாரம் என் சட்டைகளைக் கேட்க அந்தப் புல் நிலத்துக்கே போயிருந்தேன். மேற்கே, கிள்ளான் பக்கமிருந்து ஓர் இரைச்சல் வந்தது. பக்கிரிசாமி ஈரப் போர்வையை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றார். இரைச்சல் மூன்று முறை இருமியது. பிறகு இல்லை. புல்லில் கத்திக்கொண்டிருந்த பூச்சிகளும் அடங்கிவிட்டதுபோல் இருந்தது எனக்கு. ரப்பர் பால் தரும் கித்தா மரங்களுக்கு மேலே ஒரு சின்ன விமானம் ஓசையில்லாமல் சரிந்து திரும்பிக்கொண்டிருந்தது.

கொடிக்கு அந்தப் பக்கம் நின்ற நல்லம்மாள் மெதுவாகச் சொன்னார்: “நீங்கதான் ஒண்ணும் விரிக்கலியே.”

பக்கிரிசாமி மனைவியின் முகத்தையே பார்த்தார். பிறகு கொடியில் கிடந்த போர்வைகளை வாரிக்கொண்டு குட்டைப் பக்கம் ஓடினார். புல் நுனிகள் கிழக்கே சாய்ந்திருந்ததை ஒரு கணம் நின்று பார்த்தார். குட்டையை முதுகுக்குப் பின்னால் விட்டு, மேற்கே பார்த்து, முதன்முறையாகக் காற்றுக்கு முகம் கொடுத்து உதறினார். ஒவ்வொரு போர்வையும் திரும்பிப் பறந்து அவர் முகத்திலேயே அறைந்தது. பிய்த்தெடுத்து, முழங்காலால் அழுத்தி, அடுத்தது, அதற்கடுத்தது என்று மேற்கே முன்னேறினார். கடைசிப் போர்வையைக் காற்று வரும் மேற்குத் தலைமாட்டில் குறுக்கே போட்டார். அது தரையில் நிற்கவில்லை. ஓரம் கிளம்பிக்கொண்டே இருந்தது.

பக்கிரிசாமி அதன்மேல் குப்புறப் படுத்தார். இரண்டு கைகளையும் அகல நீட்டி இரு முனைகளையும் பிடித்து, முகத்தைத் துணியில் புதைத்துக்கொண்டார்.