ஜீவமணியின் களாப்பழச் சாறு

ஜீவமணி பட்லரைப் பற்றி மில்லர்புரத்தில் யாரைக் கேட்டாலும் இரண்டில் ஒன்றைச் சொல்வார்கள். சாராயம் ஊற்றிக் கொடுத்தே வயிறு வளர்த்தவன் என்பார்கள். இல்லாவிட்டால், பைபிள் மேல் கை வைத்துப் பொய்ச் சத்தியம் பண்ணியவன் என்பார்கள். முதலாவது பாதி உண்மை. இரண்டாவது முழுப்பொய். அந்தச் சத்தியத்தை அவன் பண்ணியபோது நான் அவனுக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலியில் கையில் தம்ளரோடு உட்கார்ந்திருந்தேன். அதனால் சொல்கிறேன்.

என் பெயர் பொன்னுதுரை. மில்லர்புரத்தில் சோடாக்கடை வைத்திருந்தேன். ஜீவமணி எனக்கு ஐந்தாறு வயது இளையவன், அடுத்த வீட்டுக்காரன். கடற்கரைச் சாலையில் ஒரு கப்பல் ஏஜெண்டின் விருந்தினர் விடுதியில் அவனுக்குப் பட்லர் வேலை. புதுத் துறைமுகம் இன்னும் கட்டி முடியாத காலம் அது. கப்பல்கள் தூரத்தில் நங்கூரம் போட்டு நிற்கும். தோணிகள் போய்ச் சரக்கை இறக்கி வரும். அந்த நாட்களில் கேப்டன்மாரும் அவர்களுக்கு அடுத்த படியில் உள்ள மேட்டுமாரும் கரைக்கு வந்து, வெயிலில் வெந்த முகத்தோடு விடுதியில் விழுந்து கிடப்பார்கள். அவர்களுக்காக ஜீவமணி ஒரு பானம் கண்டுபிடித்திருந்தான்.

சித்திரை பிறந்தால் சாத்தான்குளம் தேரி மணற்காட்டுப் பக்கத்திலிருந்து பெண்கள் ஓலைப்பெட்டியில் களாப்பழம் கொண்டு வருவார்கள். கறுத்துக் கனிந்ததாகப் பார்த்து வாங்கி, பிசின் போக உப்புத் தண்ணீரில் அலசுவான். பிளந்து விதை எடுத்து, சீனி போட்டு மரக்கரண்டியால் மசித்து, தண்ணீர் விட்டுப் பீங்கான் பரணியில் நிரப்பித் துணியால் வாய் கட்டி விடுதிப் பிரிஜ்ஜுக்குள் வைப்பான். இரண்டு மூன்று நாளில் சாறு நல்ல சிவப்பாக இறங்கிவிடும். அதை வடிகட்டி, உயரமான கண்ணாடித் தம்ளரில் ஊற்றி, ஜின் சேர்த்து, எலுமிச்சை பிழிந்து, ஐஸ் போட்டு, என் கடைச் சோடாவை ஊற்றுவான். கடைசியில் திருநீற்றுப்பச்சிலை நாலைந்தை உள்ளங்கையில் வைத்து மற்றக் கையால் ஒரு தட்டு தட்டி மேலே போடுவான். அந்த மணம் வாசல் வரைக்கும் வரும். கிரேக்கக் கேப்டன் ஒருத்தர் ஊருக்குத் திரும்பிப் போகிறபோது, ஜீவமணியைக் கட்டிப்பிடித்து இரண்டு கன்னத்திலும் முத்தம் கொடுத்தார் என்று அவனே வெட்கப்பட்டுக்கொண்டு சொல்வான்.

இவ்வளவும் செய்கிறவன் அதை ஒரு சொட்டு வாயில் விட்டதில்லை. எங்கள் ஊர்ப் பக்கம் நாசரேத்தில், பிள்ளைகளைச் சபையில் முழு அங்கமாகச் சேர்க்கிற திடப்படுத்தல் எடுத்த வயதில், மது தொடுவதில்லை என்று குருவானவர் முன்னால் வாக்குக் கொடுத்திருந்தான். எங்கள் ஆட்களில் அப்படி வாக்குக் கொடுத்தவர்கள் நூறு பேர் உண்டு. காப்பாற்றியவர்கள் எத்தனை பேர் என்று ஆண்டவருக்குத் தெரியும். நான் காப்பாற்றவில்லை. ஜீவமணி காப்பாற்றினான். ஜின் சேர்க்காத வெறும் சாற்றைக்கூட நாக்கில் வைக்கமாட்டான். அந்தப் பரணி ஜின்னோடு சேருகிற பரணி, அதையும் தொடக்கூடாது என்று ஒரு கணக்கு அவனுக்கு. குடிக்கிறவர் முகத்தைப் பார்த்தே ருசி அறிந்துகொள்வான். முதல் வாயில் கண் சுருங்கினால் அடுத்த தம்ளருக்கு எலுமிச்சை குறையும். நாக்கைச் சப்புக்கொட்டினால் சரியாக இருக்கிறது என்று அர்த்தம்.

எங்கள் சபையில் இதை யார் நம்பப் போகிறார்கள்? அரசாங்கம் மதுவிலக்கை எடுத்துவிட்ட வருஷங்கள்தான் அவை; அதற்கு முன்னாலும் வெளிநாட்டுக் கப்பல்காரர்களுக்குப் பெர்மிட் உண்டு. ஆனால் சபை எடுக்கவில்லையே. கோயிலில் அவன் உட்கார்ந்த பெஞ்சில் இடம் விட்டுத்தான் உட்காருவார்கள். அதையெல்லாம் அவன் தாங்கிக்கொண்டான். மகள் பிளாரன்ஸுக்கு வந்த சம்பந்தங்கள் ஒவ்வொன்றாகத் தட்டிப்போனதைத்தான் தாங்கமுடியவில்லை. பிளாரன்ஸ் ஆரம்பப்பள்ளி டீச்சர். அமைதியான பிள்ளை. பெண்ணைப் பிடிக்கிறது, குடும்பம் பிடிக்கிறது, அப்பா என்ன வேலை என்று கேட்டதும் காப்பி ஆறிப்போகிறது. இருபத்தெட்டு முடிந்துவிட்டது. அவளோடு படித்தவர்களின் பிள்ளைகள் அவளிடமே ஒன்றாம் வகுப்புக்கு வந்துவிட்டார்கள்.

அப்படியிருக்கும்போதுதான் ஜெபசீலன் வந்தான். அதே பள்ளிக்கூடத்தில் வாத்தியார், நாசரேத்துக்காரன். கட்டினால் பிளாரன்ஸைத்தான் கட்டுவேன் என்று வீட்டில் ஒற்றைக்காலில் நின்றுவிட்டான். அவன் அப்பா கிருபாநிதி ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர், சபைக் கமிட்டியில் பெரிய கை. மனிதர் ஒரு வருஷம் இழுத்தடித்து, கடைசியில் மனசில்லாமல் சரி என்றார். வைகாசியில் ஒரு சனிக்கிழமை நிச்சயதார்த்தம் பேச வருவதாகச் சொல்லி அனுப்பினார். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை கோயிலில் முதல் ஓலை வாசிப்பதாக ஏற்பாடு. ஓலை என்றால் வேறொன்றுமில்லை, இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம், தடை உண்டானால் சொல்லுங்கள் என்று மூன்று ஞாயிறு சபையில் அறிவிப்பார்கள். அது வாசித்துவிட்டால் ஊர் வாய் அடங்கிவிடும்.

இந்த நேரத்தில் மனிதனுக்கு ஒரு ஆசை வந்தது பாருங்கள். சம்பந்திக்குத் தன் களாப்பழச் சாற்றைக் கொடுக்க வேண்டுமாம்.

"பேசாம நம்ம கடைக் கலரைக் குடும்வே. ஆரஞ்சு இருக்கு, பன்னீர் சோடா இருக்கு. எதுக்கு வம்பு?" என்றேன்.

"இல்ல அண்ணாச்சி. நான் என்னமோ சாராயம் காய்ச்சுதேன்னு நெனச்சிக்கிட்டிருக்காவ. நான் செய்யது இதுதான், பழமும் இலையும்தான்னு அவுக வாயாலயே சொல்லட்டும். ஜின்னு ஊத்தாம குடுத்தா அதுல என்ன தப்பு?"

அவன் கேட்டதில் தப்பு இல்லை. அதுதான் என் வயிற்றெரிச்சல். தன் தொழிலைப் பார்த்து ஒருத்தராவது நல்லா இருக்கு என்று சொல்லவேண்டும் என்று அவன் ஆசைப்பட்டதை நான் எப்படிக் குறை சொல்ல?

புதன்கிழமையே வீட்டில் பரணியை நிரப்பிவிட்டான். அளவு, சீனி, தண்ணீர் எல்லாம் விடுதியில் செய்கிற மாதிரியே. ஆனால் வீட்டில் பிரிஜ் ஏது? அடுப்படி மூலையில் ஈரச்சாக்கு சுற்றி வைத்தான். வெளியே வைகாசி வெயில் உப்பளத்தைக் காய்ச்சிக்கொண்டிருந்தது. பதநீர்க் கலயத்தில் சுண்ணாம்பு தடவாவிட்டால் பொழுது ஏறுவதற்குள் கள்ளாகிவிடும் என்று எங்கள் பக்கத்தில் பால்குடி மாறாத பிள்ளைக்கும் தெரியும். களாப்பழத்துக்கு அப்படி ஒரு பாடம் யாரும் சொல்லித் தந்ததில்லை. அவனுக்கு மது என்றால் சீல் வைத்த குப்பியிலிருந்து வருவது. பழத்திலிருந்து தானாக வரும் என்று அவன் கண்டானா?

வெள்ளிக்கிழமை அவன் மனைவி ஞானபாய் பரணியைத் திறந்து பார்த்திருக்கிறாள். "ஏங்க, நொரை கட்டிருக்கே. புளிச்ச வாடை அடிக்குல்லா?" என்று கேட்டாளாம்.

"அது சாறு இறங்குதுளா. இருவது வருசமா இதைத்தான செஞ்சிக்கிட்டு இருக்கேன்" என்றானாம். அவளும் ருசித்துப் பார்க்கவில்லை. பரணிச் சாற்றை வீட்டில் யாரும் நக்கிப் பார்க்கக்கூடாது என்று அவனே போட்ட சட்டம்.

சனிக்கிழமை சாயங்காலம் வந்தார்கள். கிருபாநிதி, அவர் மனைவி, ஜெபசீலன், சபையார் சிலர். ஜெபம் பண்ணினார்கள். பாட்டுப் பாடினார்கள். ஐஸ் பாரை மரத்தூளில் பொதிந்து நான்தான் கொண்டுபோயிருந்தேன். ஜீவமணி வெள்ளைச் சட்டையில், கையில் தட்டோடு வந்தான். தம்ளர் ஒவ்வொன்றிலும் சிவப்புச் சாறு, மேலே பச்சிலை. உண்மையைச் சொல்கிறேன், பார்க்க அவ்வளவு அழகாக இருந்தது. முதல் தம்ளரை கிருபாநிதிக்குக் கொடுத்துவிட்டு, கப்பல்காரர் முகத்தைப் பார்க்கிற மாதிரி அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான்.

நானும் ஒரு வாய் குடித்தேன். குடித்ததும் தம்ளரை வாயிலிருந்து எடுத்துவிட்டேன். நல்ல கள். சந்தேகமே இல்லை.

கிருபாநிதி தம்ளரைக் கீழே இறக்கினார். "இது என்னது ஜீவமணி?"

"களாப்பழச் சாறு ஐயா. கப்பல்காரங்களுக்குச் செய்யது. அவுகளுக்கு ஜின்னு ஊத்துவோம். இதுல ஒண்ணும் ஊத்தல."

"ஒண்ணும் ஊத்தலையா?"

"பழமும் சீனியும்தான் ஐயா."

"நான் பனங்காட்டுல பொறந்தவன். வாடை தெரியாதுன்னு நெனைக்காதிய. ஊத்துனத ஊத்துனேன்னு சொல்லிருங்க, மன்னிச்சிருதேன்."

அந்த இடத்தில் வேறு எவனாக இருந்தாலும் ஆமாம் ஐயா, தெரியாமல் கொஞ்சம் சேர்ந்துவிட்டது என்று காலில் விழுந்திருப்பான். கல்யாணக் காரியமும் நடந்திருக்கும். ஜீவமணிக்கு அது தோன்றவில்லை. அவன் முகம் சிவந்துவிட்டது. ஜெபம் பண்ணிவிட்டு மேஜையில் வைத்திருந்த பைபிளின்மேல் கையை வைத்தான். "இதுல ஒரு சொட்டு மது இல்ல. இது சத்தியம்."

நான் "ஏலே, வேண்டாம்" என்று எழுந்தேன். அதற்குள் சொல்லி முடித்துவிட்டான்.

கிருபாநிதி எழுந்து செருப்பைப் போட்டார். வாசலில் நின்று சொன்னார்: "நீரு சாராயம் ஊத்துதவர்னு தெரிஞ்சுதான் வந்தோம். வேதத்து மேல கைய வச்சிப் பொய் சொல்லுதவர்னு தெரியாது." ஜெபசீலன் கதவருகே இருந்த பிளாரன்ஸை ஒரு தடவை திரும்பிப் பார்த்தான். பிறகு அப்பா பின்னால் போய்விட்டான். ஒரு வருஷம் வீட்டோடு மல்லுக்கு நின்ற பையன் அவன். அவனுக்கும் அது சாராயமாகத்தான் பட்டது.

எல்லாரும் போனபிறகு நான் சொன்னேன். "புளிச்சுப் போச்சுவே. பிரிஜ்ல வச்சா புளிக்காது. இங்க கள்ளாப் போச்சு."

அவன் என்னையே பார்த்தான். பிறகு கிருபாநிதி வைத்துவிட்டுப் போன தம்ளரை எடுத்து, வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு வாய் குடித்தான். விழுங்கிவிட்டு, "இதுவா அண்ணாச்சி?" என்று கேட்டான். "இனிப்பும் புளிப்புமாத்தான இருக்கு. இதுல எது மது?" நான் தம்ளரை அவன் கையிலிருந்து வாங்கி வைத்தேன். ஞானபாய் அடுப்படியில் தலையில் அடித்துக்கொண்டு அழுதாள்.

ராத்திரியே கிருபாநிதி எங்கள் கோயில் உபதேசியாருக்கு ஆள் அனுப்பி ஓலையை நிறுத்தச் சொல்லிவிட்டார். மறுநாள் ஓலை வாசிக்கவில்லை. அடுத்த ஞாயிற்றுக்குள் சரிபண்ணிவிடலாம் என்று திங்கட்கிழமை பஸ் ஏறி நான் நாசரேத்துக்குப் போனேன். நடந்ததை எல்லாம் கிருபாநிதியிடம் சொன்னேன். பரணி, வெயில், பிரிஜ் இல்லாதது, நுரை கட்டியது, ஒன்றையும் விடவில்லை. மனிதர் பொறுமையாகக் கேட்டார். கெட்டவர் இல்லை அவர். பிறகு ஒன்றே ஒன்று கேட்டார்.

"புளிச்சுப் போச்சின்னு வச்சிக்கிடுவோம். இருவது வருசமா குடிக்கதுக்குக் கலந்து குடுக்க ஆளு, சம்பந்திக்கு வைக்கதுக்கு முன்னால ஒரு வாய் ருசி பாத்திருக்கமாட்டானா?"

"அவன் ருசி பாக்கமாட்டான் சார். வாக்குக் குடுத்திருக்கான்."

கிருபாநிதி சிரித்தார். அந்தச் சிரிப்பிலேயே காரியம் முடிந்துவிட்டது என்று எனக்குத் தெரிந்துபோயிற்று. ஊரில் இருக்கிற வேறு எந்தக் காரணத்தைச் சொல்லியிருந்தாலும் நம்பியிருப்பார். இந்த உண்மையை மட்டும் நம்ப முடியாது. அவரிடத்தில் நான் இருந்தாலும் சிரித்திருப்பேன்.

அடுத்த ஞாயிறு ஜீவமணி குடும்பத்தோடு கோயிலுக்கு வந்தான். நாசரேத்தில் என்ன நடந்தது என்று நான் சொல்லியும் அவனுக்கு ஒரு நப்பாசை. பிளாரன்ஸுக்கு நிச்சயத்துக்கு எடுத்த சேலையைக் கட்டிவிட்டிருந்தாள் ஞானபாய். அறிவிப்பு நேரத்தில் குருவானவர் வேறு இரண்டு கல்யாணங்களுக்கு ஓலை வாசித்தார். தடை உண்டானால் சொல்லுங்கள் என்றார். பிறகு காணிக்கைப் பாட்டுக்கு எண் சொன்னார். சபை எழுந்து பாடியது. ஜீவமணி எழவில்லை.

வீட்டுக்கு வந்து சேலையை மடித்து வைத்துவிட்டு, பிளாரன்ஸ் அப்பாவுக்குச் சோறு போட்டாள். நானும் அங்கேதான் இருந்தேன். தனியாக விட்டுப்போக மனசு வரவில்லை. அந்த எட்டு நாளில் நடந்ததைப் பற்றி அவள் வாய் திறந்தது அப்போதுதான். குழம்பை ஊற்றிக்கொண்டே பேசினாள். குரலில் கோபம் இல்லை. பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுக்கிற குரல்.

"அப்பா, இத்தன வருசத்துல ஒரு நாளாவது நீங்க குடிச்சிருக்கலாம்லா."

ஜீவமணி பிசைந்த சோற்றைத் திரும்பத் தட்டிலேயே வைத்தான். பிறகு, "ஆமாம்மா. குடிச்சிருக்கணும்" என்றான்.