பிரேக் அக்கா காரின் கூரை

மாடி வீட்டு நர்ஸக்கா வேறு ஊருக்கு மாற்றலாகிப் போன சனிக்கிழமைதான் நான் ஊர் சுற்றி முடித்து, சித்தி வீட்டு வாசலில் மூட்டையோடு வந்து இறங்கினேன். சாமான் ஏற்றிய நர்ஸக்காவின் பின்பக்கம் திறந்த வண்டி தெருமுனையில் திரும்பியது. கையசைத்து முடித்த சித்தி, "வந்துட்டியா? உள்ள வா. என் சைக்கிள் சவாரி அந்த வண்டியோட போச்சு" என்றாள்.

சித்தி கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள். அவள் உட்காரும் பக்கத்திலும் ஒரு பிரேக் உண்டு. அதை அவள் மிதிக்கும் மிதியில் மாணவர்கள் வைத்த பெயர் பிரேக் அக்கா. வாரமெல்லாம் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவளுக்கு, ஞாயிறு காலை ஏரிக்கரையில் சைக்கிள் மிதித்தால்தான் மூச்சு வரும். வீட்டுக்கும் ஏரிக்கும் நடுவில் லாரிகள் பறக்கும் நெடுஞ்சாலை. அதைத் தாண்டும்வரை சைக்கிளைச் சுமந்தது நர்ஸக்காவின் வண்டி.

"உன் கார் மேலயே சைக்கிள் வைக்கற கேரியர் மாட்டிடலாம் சித்தி" என்றேன். பஸ் கூரையில் ஆடு முதல் அலமாரி வரை போனதைப் பார்த்தவள் நான்.

தன் தோளுக்குக்கூட எட்டாத சித்தியைப் பார்த்துச் சித்தப்பா சிரித்தார். "சைக்கிளை மேல ஏத்தறதுக்கு முன்னாடி உங்க சித்தியை யாராவது ஏத்தி விடணுமே!"

"நீங்க தூக்கி வைக்கக் கூடாதா?"

"ஞாயித்துக்கிழமையா? முதல்ல நான் எழுந்திருக்கணும்."

"யாரையும் எழுப்பிக் கெஞ்சறதா இல்ல" என்றாள் சித்தி. "நானே ஏத்தணும், நானே இறக்கணும். இல்லன்னா சைக்கிளை வித்துடறேன்."

வெகுநேரம் போராடிச் சைக்கிளின் சக்கரங்களைக் கழற்றிப் பின் சீட்டில் திணித்துக்கொண்டு மூவரும் கடைக்குப் போனோம். கடைக்காரர் சித்தியை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, காரின் பின்னால் மாட்டும் கேரியரைக் காட்டினார். "உங்களுக்கு இதுதான் வசதிம்மா."

"என்கிட்ட ஓட்டக் கத்துக்கற பிள்ளைங்களோட முதல் பாடமே பின்னாடி போய்ச் சுவத்துல முட்டறதுங்க. கூரைதான் இதுவரைக்கும் யாரும் இடிக்காத இடம்."

கூரைக்கு இரண்டு வகை இருந்தன. முழு சைக்கிளையும் நிறுத்துவது ஒன்று. முன்சக்கரத்தைக் கழற்றிவிட்டு, அதைத் தாங்கும் ஃபோர்க் கவையை இறுக்கிப் பிடிப்பது இன்னொன்று. ஒரு சக்கரத்தின் எடை குறையும் என்று சித்தி இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தாள். கடைக்காரர் அதைக் கூரையில் பூட்டினார்.

பின்சக்கரத்தை மட்டும் மாட்டிக்கொண்டு சித்தி தூக்கினாள். சைக்கிள் அவள் காது வரை போய் நின்றது. மறுபடியும் தூக்கினாள். மறுபடியும் காது.

"ஒரு ஏணியும் சேர்த்துக் கட்டிக் கொடுங்க" என்றார் சித்தப்பா.

நான் கைகொடுக்கப் போனேன். சித்தியின் முகத்தைப் பார்த்து நின்றுவிட்டேன். ஆனால் அவள் எங்களைப் பார்க்கவில்லை. கடையின் பக்கவாட்டில், லாரியிலிருந்து சரக்கு இறக்கும் சிமெண்ட் மேடையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இதைப் பிடி." சைக்கிளை என்னிடம் கொடுத்துவிட்டுக் காரில் ஏறினாள்.

"பார்த்து, பார்த்து! இடிச்சுடப் போற!" என்று கத்தினார் சித்தப்பா.

"பேசாம நில்லுங்க. தினமும் இதைத்தானே சொல்லிக்கொடுக்கறேன்!"

பின்னால் வந்து, ஒரு வெட்டு வெட்டி, இடப்பக்கம் மேடையை ஒட்டினாற்போல் நிறுத்தினாள். நடுவில் ஒரு கை நுழையும் இடைவெளிதான். வலப்பக்கம் இறங்கிச் சுற்றி வந்து மேடையில் ஏறினாள். கார் கூரை இப்போது அவள் இடுப்பளவு. சைக்கிளை வாங்கி, குழந்தையைத் தொட்டிலில் கிடத்துவதுபோல் வைத்தாள். 'டக்' என்று பூட்டு விழுந்தது.

கடைக்காரர் கைதட்டினார். சித்தப்பா, "மேடைக்கு எங்க போவ?" என்று முனகினார்.

"ஊர்ல மேடைக்கா பஞ்சம்?"

எனக்குக் கால் ஓரிடத்தில் தங்காது. அடுத்த மாதமே கிளம்பிவிட்டேன். பல மாதங்கள் கழித்து, ஏதோ ஒரு ரயில் நிலையத்தில் நின்றிருந்தபோது நர்ஸக்காவிடமிருந்து செய்தி வந்தது:

"உன் சித்தி சைக்கிளோட வந்துட்டா. எங்க வாசல் மேடையை ஒட்டிக் காரை நிறுத்தி, ஒத்தை ஆளா இறக்கிட்டா. என் சைக்கிளையும் எடுத்துக்கிட்டு நாங்க ரெண்டு பேரும் ஒரு சுத்துப் போய்ட்டு வரோம். உன் சித்தப்பா மேடைப் பக்கத்து சீட்ல இருக்கார். கதவு திறக்காதாம். கியரைத் தாண்டி வர இடுப்பு வளையலையாம். திரும்பி வந்து காரை நகர்த்தறேன்னு சொல்லிட்டா."