தப்பைப் பையில் வை

என் கணவர் பூப்பந்து ஆடுவார். இறகுப்பந்து இல்லை, மஞ்சள் கம்பளி நூலில் செய்த பந்து, பக்கத்துக்கு ஐந்து பேர். குத்தாலத்தில் அவருடைய அணிக்கு நல்ல பேர் இருந்தது. பின்வரிசையிலிருந்து அவர் ஓங்கி அடித்தால் எதிரே இருப்பவர் மட்டையைத் தூக்குவதற்குள் பந்து கடந்திருக்கும். ஆனால் ஒரு பந்து கோட்டுக்கு வெளியே போய்விட்டால் போதும், ஆளே மாறிவிடுவார். மட்டையைத் தரையில் அடிப்பார், அம்பயரோடு மல்லுக்கு நிற்பார், அந்தக் கோபத்திலேயே இன்னும் நாலு பந்தைத் தொலைப்பார். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்று கூட ஆடுபவர்களே திட்டுவார்கள். கல்யாணமான புதிதில் அதைப் பார்த்து நான்கூடச் சிரித்திருக்கிறேன்.

அணியின் கேப்டன் ஒரு பேங்க் குமாஸ்தா. நல்ல மனிதர், அதில் எனக்கு இன்றைக்கும் சந்தேகமில்லை. அவர்தான் இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார். எங்கள் வீட்டில் உட்கார்ந்து, நான் போட்டுக் கொடுத்த காபியைக் குடித்துக்கொண்டே சொன்னார்.

“தப்பு நடந்தா அங்கயே அதோட சண்ட போடாத. அத மடிச்சு பையில வச்சு ஜிப்ப இழுத்துடு. ஆட்டம் முடியட்டும். வீட்டுக்குப் போயி நிதானமா பிரிச்சுப் பாத்துக்க.”

இவரும் அப்படியே செய்ய ஆரம்பித்தார். பந்து வெளியே போனதும் இடது கையை இடுப்பருகே கொண்டுபோய் ஜிப் இழுப்பது போல ஒரு சைகை, ஒரு மூச்சு, அடுத்த பந்துக்கு ஆள் தயார். அணி ஜெயிக்கத் தொடங்கியது. என்ன நிதானம், என்ன பொறுமை என்று கடைத்தெருவில் என்னை நிறுத்திச் சொன்னவர்கள் உண்டு. வீட்டில் எலி, வெளியில் புலி என்பார்கள். எனக்கு வாய்த்தது அதைத் தலைகீழாகப் போட்டது.

ஏனென்றால் அந்தப் பை வீட்டுக்கு வந்தது.

வந்ததும் கத்தமாட்டார். கைகால் கழுவுவார், சாப்பிடுவார். “பாப்பா தூங்கிருச்சா?” என்று கேட்பார். எங்கள் குழந்தை இன்னும் முழித்திருப்பதாகச் சொல்லித் தள்ளிப்போடப் பார்ப்பேன். பிறகு கதவைச் சாத்திவிட்டு, வெளியே போன பந்துகளை ஒவ்வொன்றாகச் சொல்வார். ஒவ்வொன்றுக்கும் நான்தான் காரணம். காலையில் இட்லி வேகாதது, கிளம்பும்போது நான் எதையோ கேட்டது. முதலில் வாய்ப்பேச்சோடு போயிற்று. அப்புறம் தட்டு பறந்தது. அப்புறம் என் கை. ஜாக்கெட் மறைக்கும் இடமாகப் பார்த்துத்தான் முறுக்குவார். அந்த நிதானமும் பூப்பந்துக் கோர்ட்டில் படித்ததுதான்.

ஆட்டம் முடிந்து, இவருக்கு முன்னால் மொபெட்டில் எங்கள் தெருவைத் தாண்டிப் போகும் அணிக்காரர் ஒருவரை நான் வாசலிலேயே நிறுத்திக் கேட்பேன். “இன்னிக்கு எத்தன பந்துண்ணே வெளிய போச்சு?” அவர் சிரிப்பார். “தங்கச்சிக்கு ஆட்டத்து மேல என்னா உசுரு!” நிறையப் போயிற்று என்றால் குழந்தையைப் பக்கத்து வீட்டில் விட்டுவிடுவேன்.

அந்த வருஷங்களில் ஆற்றில் தண்ணீர் சரியாக வரவில்லை. குறுவைச் சாகுபடி பொய்த்த வீடுகளிலிருந்து துபாய்க்கும் சிங்கப்பூருக்கும் ஆட்கள் போய்க்கொண்டிருந்தார்கள். அணியிலும் பாதிப் பேர் போய்விட்டார்கள். இவர் மட்டும் பாஸ்போர்ட்கூட எடுக்காமல், விளையாட்டுக்காரர்களுக்கான ஒதுக்கீட்டில் வேலை வரும் என்று உட்கார்ந்திருந்தார். அரசாங்கத்தில் ஆள் எடுப்பதையே குறைத்துவிட்டார்கள். கடைசியில், சென்னையில் ஒரு தனியார் கம்பெனி தன் அணிக்கு ஆள் தேடுவதாகவும், திருவாரூரில் நடக்கும் ஆட்டத்தைப் பார்க்க அதன் அதிகாரி வருவதாகவும் கேப்டன் சொன்னார். வேலை கிடைத்தால் இவர் மனசு ஆறும், என் கையும் தப்பிக்கும் என்று நம்பினேன். கிடைக்காவிட்டால் அன்றைக்கு வீட்டில் என்ன நடக்கும் என்று நினைக்கவே பயமாக இருந்தது. மாதாவுக்கு மெழுகுவத்தி நேர்ந்துகொண்டு, பாப்பாவைத் தூக்கிக்கொண்டு நானும் போனேன்.

கடைசி செட். இரண்டு பக்கமும் சமம். இன்னும் ஒரே ஒரு பந்து. சுலபமாகத் தூக்கிப் போட்டிருக்க வேண்டியதை இவர் ஓங்கி அடித்தார். அது வலையில் விழுந்தது. ஆட்டம் போயிற்று. ஜிப்பை இழுத்தார். சிரித்த முகத்தோடு போய் எதிர் அணிக்குக் கை கொடுத்தார், அம்பயருக்கும் கொடுத்தார். கூட்டம் எழுந்து கைதட்டியது. அத்தனை பேருக்கு நடுவில் நான் மட்டும் பாப்பாவை இறுக்கிக்கொண்டேன்.

அதிகாரி நேராக என் அருகே நின்ற கேப்டனிடம் வந்தார். “தோத்தா என்னங்க? இவ்வளவு பெரிய தப்புக்கு அப்புறம் இவர் முகத்தப் பாத்தேன். எனக்கு இந்த மாதிரி ஆளுதான் வேணும்.” வேலை கிடைத்துவிட்டது. கேப்டனுக்குக் கண் கலங்கிவிட்டது. அதிகாரி என் பக்கம் திரும்பினார். “குவார்ட்டர்ஸ் குடுக்கிறோம்மா. ஊருக்கு வெளிய, அமைதியான எடம். நீங்களும் கொழந்தையும் கூடவே வந்துடலாம்.”

மாதா கேட்டதைக் கொடுத்துவிட்டாள் என்றுதான் நானும் நினைத்தேன். அப்போது இவர் என் பக்கத்தில் வந்து, தோளில் கிடந்த குழந்தையைப் பார்த்து, மெதுவாகக் கேட்டார்.

“பாப்பா தூங்கிருச்சா?”

வேலை கிடைத்த அன்றைக்குமா என்று எனக்குள் ஏதோ அறுந்தது. “நான் வரலீங்க சார்,” என்றேன். அதிகாரி விளையாட்டாக எடுத்துக்கொண்டு சிரித்தார். குழந்தையை இன்னொரு தோளுக்கு மாற்றிவிட்டு, அத்தனை பேர் முன்னாலும் ஜாக்கெட் கையை மேலே ஏற்றினேன். பழைய கன்றல் மஞ்சளாக இருந்தது, புதியது கருநீலமாக இருந்தது. கேப்டன் ஒரு தடவை பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். அதிகாரியின் சிரிப்பு நின்றது.

இவர் முகம் மட்டும் மாறவில்லை. கைதட்டல் வாங்கிய அதே சிரிப்பு. அதைப் பார்த்துத்தான் எனக்கு உயிர்ப் பயம் வந்தது. மைதானத்தை விட்டு ஓடினேன். குடவாசலில் இருக்கும் என் அம்மா வீட்டுக்குப் போகிற பஸ் நகர ஆரம்பித்திருந்தது. கண்டக்டர் கை கொடுத்து ஏற்றினார். உட்கார்ந்ததும் பாப்பா விழித்துக்கொண்டு வீறிட்டு அழுதாள். பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. நான் அவளை அடக்கவில்லை.