எத்தனை மைலுக்கு ஒரு தடவை

முத்துலிங்கம் முதலாளிக்கு ஓர் எண் வேண்டும். ஆயிரமோ, இரண்டாயிரமோ, நாலாயிரமோ, ஏதாவது ஒன்று. அவருடைய வாடகைக் காரை ஓட்டும் சோலைமலையிடம் அது மட்டும் இல்லை.

"எண்ணெய் மாத்தணும் மொதலாளி" என்று அவன் அவருடைய புடவைக்கடை வாசலில் போய் நிற்கும்போதெல்லாம் அவர் அளவுகோலை மேசைமேல் வைத்துவிட்டு நிமிர்ந்து பார்ப்பார்.

"போன தடவை மாத்தி எத்தன மைல் ஆச்சு?"

"மைல விடுங்க மொதலாளி. கம்பிய எடுத்துத் தொட்டுப் பாத்தேன். வழவழப்பே இல்ல."

"வழவழப்பு இல்லேன்னா அது ஒன் வெரலோட கோளாறு. காரோட வந்த புத்தகத்துல ரெண்டாயிரம்னு போட்டிருக்கான். அதுலயும் நம்ம காரு பாதி மைலு இன்ஜின் ஓடாமத்தானே வருது? அப்போ நாலாயிரம். கணக்கு சரியா இல்லையா?"

கணக்கு சரியாகத்தான் இருந்தது. சோலைமலைக்கு எரிச்சல் வந்ததே அதனால்தான்.

அந்த நாளில் இலங்கை மலைநாட்டில் வாடகைக் கார் ஓட்டிய எல்லோரும் அப்படித்தான் ஓட்டினார்கள். இறக்கம் வந்ததும் சாவியைத் திருப்பி இன்ஜினை நிறுத்திவிடுவார்கள். கியரை நடுவில் தள்ளிவிட்டு, பிரேக்கை மட்டும் நம்பி, வளைவு வளைவாகக் கீழே இறங்குவார்கள். இறக்கம் முடிகிற இடத்தில் கியரைப் போட்டுக் கிளச்சை விட்டால் இன்ஜின் ஒரு குலுக்கு குலுக்கி எழுந்துகொள்ளும். பெட்ரோல் மிச்சம். அதோடு அதில் ஒரு கௌரவமும் இருந்தது. ஹட்டனிலிருந்து கினிகத்தேனைக்கு இறங்கும்போது யார் அதிக தூரம் சாவி போடாமல் போகிறான் என்று ஸ்டேஷனுக்கு வெளியே நிற்கும் டிரைவர்கள் பந்தயம் பேசுவார்கள். அதில் சோலைமலையை யாரும் ஜெயித்ததில்லை. அவன் காரில் இருப்பவர்களுக்கு டயர் உருளும் சத்தமும் பள்ளத்தில் ஓடும் தண்ணீரின் சத்தமும் மட்டும் கேட்கும். "பல்லக்குல போற மாதிரி இருக்கு டைவர்" என்று தேயிலைத் தொழிற்சாலை டீமேக்கர் ஒருவர் சொன்னதை அவன் தோட்டத்துக் குடியிருப்பான லயத்தில் வந்து சொல்லாத ஆளில்லை.

இன்ஜின் தூங்கினாலும் சக்கரம் சுற்றுகிறது. சக்கரம் சுற்றினால் மீட்டரில் மைல் ஏறுகிறது. ஆகவே மீட்டரில் ஏறுவதில் பாதி, இன்ஜின் உழைக்காத மைல். முதலாளி சொன்னது அவ்வளவுதான்.

"ஏத்தத்த ஏன் மொதலாளி கணக்குல சேக்க மாட்டேங்கிறீங்க? தோட்டத்து ரோட்டுல மொதல் கியர்ல ஒரு மைலு ஏறுனா அது அஞ்சு மைலுக்குச் சமம்."

"போன வாரம் மூணுன்ன. இன்னிக்கு அஞ்சுங்கிற. நாளைக்கு வந்து பத்தும்ப."

 மூன்றா ஐந்தா என்று அவனுக்கே தெரியாது. இன்ஜின் முனகுவது கேட்கிறது. எண்ணெய் விரலில் தண்ணீராய் ஓடுவது தெரிகிறது. தெரிந்ததை எண்ணாக்கச் சொன்னால் எப்படி ஆக்குவது? ஒருவேளை தெரிந்ததாக நினைப்பதும் பிரமைதானோ என்றும் சில நேரம் தோன்றும்.

விசாரிக்காமலும் இல்லை. பல்லக்கு என்று சொன்ன அந்த டீமேக்கரைக் கேட்டான். "புத்தகத்துல உள்ளதச் செய்யி. சீமையில படிச்சவங்க எழுதுனது" என்றார். கடைத்தெருவுக்குப் பின்னால் கராஜ் வைத்திருந்த மெக்கானிக் நூர்தீன் பாஸைக் கேட்டான். "ஆயிரத்துக்கு மாத்து" என்று காருக்கு அடியிலிருந்து குரல் மட்டும் வந்தது. ஸ்டேஷனில் அவன் காருக்குப் பக்கத்தில் நிறுத்தும் ஆண்டியப்பனைக் கேட்டான்.

"மாத்துறதா? நான் மாத்துறதே இல்லடா. கொறையக் கொறைய ஊத்துவேன். ஊத்த ஊத்த ஒரு நாளைக்கு எல்லாமே புதுசாயிடுமில்ல?"

யாரைக் கேட்டாலும் ஒரு பதில் இருந்தது. ஒன்றுக்கொன்று ஒட்டவில்லை. ஆனாலும் சொன்னவர்களில் ஒருவருக்கும் சந்தேகம் இல்லை. சந்தேகமெல்லாம் சோலைமலை ஒருவனுக்குத்தான்.

"சோத்த ஆறவிட்டுட்டு என்ன யோசன?" என்றாள் அவன் மனைவி வீரம்மா, ஓர் இரவு. "அந்த எண்ணெய்க்கு நீங்க ஏன் கெடந்து சாகுறீங்க? காரு அவருது."

"காரு அவருது. போனா போறது என் வேல."

 அது அவளுக்கும் தெரிந்த பயம். சோலைமலை தோட்டத்து வேலைப் பதிவில் பேர் வெட்டிக்கொண்டு வந்தவன். அவன் கார் ஓட்டப் போகிறேன் என்றபோது வேலையை மேற்பார்வை செய்யும் கண்டாக்கையா சிரித்தார். "கார் ரோதைய நம்பிப் போறியாக்கும். பேர வெட்டுனா வெட்டுனதுதான். திரும்பி வந்து வேல கேட்டுப் பெரட்டுல நிக்காதே" என்றார். நிற்க மாட்டேன் என்று நாலு பேர் கேட்கத்தான் இவனும் சொன்னான். இப்போது அவர்கள் குடியிருக்கும் லயத்துக் காம்பிரா வீரம்மா பேரில் இருக்கிறது. விடிந்ததும் அவள் கொழுந்துக்கூடையோடு, வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக்குப் போகிறாள்; இவன் ஹட்டனுக்குப் போகிறான். ஹட்டனில் போய் நிற்க அந்த ஒரு கார்தான் இருந்தது. அறுபத்திரண்டாம் வருஷம் அது. வெளிநாட்டுச் சாமான்களுக்குக் கட்டுப்பாடு போட்டிருந்தார்கள். புதுக் கார் வராது, இன்ஜின் சாமான் கிடைக்காது. "இந்த இன்ஜின் போச்சுன்னா காரக் கழட்டி வித்துட்டு நான் கடையோட நின்னுக்குவேன்" என்று முதலாளி தெளிவாகவே சொல்லியிருந்தார். மற்ற வாடகைக் கார்களுக்கெல்லாம் டிரைவர்கள் இருந்தார்கள்.

ஆவணி பிறந்து கல்யாண வாடகைகள் வந்தன. போன தடவை எண்ணெய் மாற்றியதிலிருந்து ஓடிய மைல் நாலாயிரத்தை நெருங்கிக்கொண்டிருந்தது. கொட்டகலைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து கந்தப்பளைக்கு மாப்பிள்ளை போக வேண்டும். மாப்பிள்ளை, அவன் தாய்மாமன் கந்தப்பன் கங்காணி, உறவுக்காரர்கள், தாம்பாளங்கள் என்று கார் நிறைந்து கதவு சாத்த முடியாமல் சாத்தினார்கள்.

"எண்ணெய மட்டும் இன்னிக்கு மாத்திட்டுப் போறேனே மொதலாளி" என்று அதற்கு முந்தின நாளும் கேட்டுப் பார்த்திருந்தான்.

"கல்யாணம் முடியட்டும். டின் கெடைக்கிறதே கஷ்டமா இருக்கு."

நானுஓயாவைத் தாண்டி நுவரெலியாவுக்கு ஏறும்போது, எண்ணெய் அழுத்தம் காட்டும் முள் படுக்க ஆரம்பித்தது. சோலைமலை அதையே பார்த்துக்கொண்டு ஒரு வளைவு ஏறினான். அடுத்த வளைவில் அது எழவில்லை. காரை ஓரம் கட்டி இன்ஜினை நிறுத்தினான்.

"ஏம்ப்பா நிப்பாட்டுன?" என்றார் கங்காணி.

"எண்ணெய் மேல ஏறலைங்க. இதுக்கு மேல ஓட்டுனா இன்ஜின் புடிச்சுக்கும்."

"நான் முகூர்த்தம்ங்கிறேன், நீ எண்ணெய்ங்கிற. இன்னும் கொஞ்ச தூரந்தானே. ஓட்டு."

"முடியாதுங்க."

"காரு ஒங்க அப்பன் சொத்தா?"

"இல்லீங்க. அதனாலதான் நிப்பாட்டுனேன்."

கங்காணிக்கு முகம் சிவந்தது. மாப்பிள்ளைதான் கதவைத் திறந்துகொண்டு இறங்கினான். "விடுங்க மாமா. நாம நடந்து போனாலும் பொண்ணு அங்கதான் இருக்கும்."

நல்லவேளையாக, நானுஓயா ஸ்டேஷனில் மரக்கறி இறக்கிவிட்டுத் திரும்பிய லொறி ஒன்று வந்தது. கந்தப்பளைக்கே போகிறது. மாப்பிள்ளைக்கு டிரைவர் பக்கத்தில் இடம் கிடைத்தது. கங்காணி ஜரிகை வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, லீக்ஸ் வாடை அடிக்கிற வெறுஞ்சாக்குகளின் மேல் ஏறினார்.

"ஒன் மொதலாளிகிட்ட வர்றேன்டா" என்று மேலிருந்து சொன்னார்.

லொறி மறைந்த பிறகு சோலைமலை பனிமூட்டத்தில் காரோடு தனியாக நின்றான். செய்தது சரிதானா? இன்னும் இரண்டு வளைவு ஓடியிருக்குமோ? ஓடியிருக்கும் என்றால் அவனைவிட முட்டாள் இல்லை. ஓடாமல் இன்ஜின் பிடித்திருக்கும் என்றால் அவனைவிட அறிவாளி இல்லை. எது என்று சொல்ல அங்கே ஒருவரும் இல்லை. காரைத் தள்ளித் திருப்பி, தலவாக்கலை வரைக்கும் இன்ஜின் இல்லாமலே இறக்கிக்கொண்டு வந்தான். அங்கிருந்து ஹட்டனுக்கு ஒரு லொறியில் கயிறு கட்டி இழுத்து வந்தார்கள்.

மறுநாள் கராஜில் நூர்தீன் பாஸ் காரின் அடித்தொட்டியைக் கழற்றும்போது முதலாளியும் வந்து நின்றார். கங்காணி விடியற்காலையிலேயே வந்து கடை வாசலில் நின்று சத்தம் போட்டுவிட்டுப் போயிருந்தார். முதலாளி சோலைமலையின் முகத்தையே பார்க்கவில்லை.

தொட்டி இறங்கியது. அதற்குள் எண்ணெய் இருந்தது. எண்ணெய்க்கு அடியில் கட்டித் தயிர் மாதிரி சாம்பல் நிறத்தில் ஒன்று இருந்தது. எண்ணெய் உறிஞ்சும் வலை முழுவதும் அதுதான் அப்பியிருந்தது. பாஸ் ஒரு விரலால் வழித்துக் காட்டினார்.

சோலைமலை முதலாளி பக்கம் திரும்பினான். "பாத்தீங்களா மொதலாளி. நான் தலையால அடிச்சுக்கிட்டேன். ஏத்தத்துல எண்ணெய் செத்துப்போச்சுன்னு."

"ஏத்தத்துல இல்ல" என்றார் பாஸ்.

"என்னது?"

"இதுல தண்ணி கலந்திருக்கு. ஏறும்போது இன்ஜின் கொதிக்குது. நீங்க என்ன பண்றீங்க? இறக்கத்துல நிப்பாட்டிப்புட்டு மலைக்காத்துல ஆறப்போடுறீங்க. மறுபடி ஏத்தம், மறுபடி சூடு. மறுபடி இறக்கம், மறுபடி குளிர். மூடி போட்ட சட்டியில உள்பக்கம் வேர்க்குமில்ல? அந்த வேர்வதான் எண்ணெயில எறங்குது. ஓடவிட்டுருந்தா அது பாட்டுக்கு ஆவியாப் போயிருக்கும்."

முதலாளி சோலைமலையைப் பார்த்தார். சோலைமலை தொட்டியைப் பார்த்தான். மாதக்கணக்காகத் தாங்கள் இருவரும் சண்டை போட்டது எதைப் பற்றி? அவர் இன்ஜினுக்கு ஓய்வு என்று கணக்குப் போட்ட மைல்கள்தான் அதைக் கெடுத்தன. அவன் ஸ்டாண்டில் ஜெயித்த மைல்களும் அவைதான்.

"அப்போ நான் கேட்டப்ப ஏன் பாஸ் இதச் சொல்லல?"

"நீ எத்தன மைலுன்னு கேட்ட. மைலுக்குப் பதில் சொன்னேன்."

"அந்த ஆயிரம்?"

"அது ஒரு குத்துமதிப்புதான்" என்றார் பாஸ், கையைத் துடைத்துக்கொண்டே. "இன்ஜின் தப்பிச்சுக்கிச்சு. இன்னும் கொஞ்சம் ஏத்தியிருந்தா தப்பிச்சிருக்காது."

அதை முதலாளியும் கேட்டார். கேட்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை. 

"சரி. நாலாயிரம் வேணாம். மூவாயிரத்தி ஐந்நூறு."

"ஆயிரம் மொதலாளி. பாஸே சொன்னாரு."

"குத்துமதிப்புன்னும் சொன்னாரே. மூவாயிரம்."

"ஆயிரத்தி ஐந்நூறு."

"ரெண்டாயிரத்தி ஐந்நூறு. அதுக்குக் கீழ நான் எறங்க மாட்டேன், கட்டாது."

அது அவர் புடவை விற்கிற குரல். புத்தகத்தில் போட்டதைவிட ஐந்நூறு அதிகமாக, யாருக்கும் தெரியாத காரணத்துக்காக, எண் முடிவாயிற்று. முதலாளி திருப்தியாகத் தலையாட்டினார். இத்தனை நாள் கேட்ட எண் கிடைத்துவிட்டது.

"இறக்கத்துல இன்ஜின நிப்பாட்டக் கூடாதுன்னாரே, அது?" என்று சோலைமலை கேட்டான்.

"அது எப்படி? பெட்ரோல எரிச்சுக்கிட்டா எறங்குறது? அது பழைய மாதிரிதான்."

"பாஸ் சொன்னாரே மொதலாளி."

"பாஸ் வந்து பெட்ரோல் போடுவாரா?"

பாஸ் மறுபடியும் காருக்கு அடியில் போயிருந்தார்.

கார் தயாரானதும் முதல் வாடகை கினிகத்தேனைக்கு வந்தது. இறக்கத்தின் தலைப்பில் சோலைமலையின் கை தானாகச் சாவிக்குப் போயிற்று. போன கையை எடுத்து ஸ்டியரிங்கில் வைத்துக்கொண்டான். இரண்டாவது கியரில் இன்ஜின் உறுமிக்கொண்டே இறங்கியது. தண்ணீர்ச் சத்தம் கேட்கவில்லை. பல்லக்கும் இல்லை. பின்னால் இருந்தவர், "காருல ஏதாச்சும் கோளாறாப்பா?" என்று கேட்டார். இல்லை என்றான். அன்று மாலை ஸ்டாண்டில் ஆண்டியப்பன், "என்னடா, சாவி தொளையில சிக்கிக்கிச்சாம்ல?" என்றான். சோலைமலை துணியை எடுத்துக் கார்க் கண்ணாடியைத் துடைக்கப் போனான்.

அவன் போட்ட கணக்கு வேறு. பெட்ரோல் அதிகம் போனால் முதலாளி திட்டுவார். திட்டு வாங்குகிற டிரைவருக்கு மறுநாள் ஓட்ட ஒரு கார் இருக்கும். இன்ஜின் போன டிரைவருக்கு அது இருக்காது. ஆனால் இதை அவரிடம் சொன்னால் அவர் இதற்கும் ஓர் எண் கேட்பார்.

அந்த வாரக் கடைசியில் முதலாளி பெட்ரோல் பில்லைப் பார்த்துக் கண்டுபிடித்துவிட்டார். கடையில் சேலை பார்த்துக்கொண்டிருந்த பெண்களுக்கு முன்னால் வைத்தே கேட்டார்.

"ஏன்டா, நிப்பாட்டாமத்தான் எறங்குறியா? நான் சொன்னது ஒனக்குக் காதுல விழுகலையா?"

"விழுந்துச்சுங்க."

"அப்புறம்? யாரு காசுன்னு நெனச்சுக்கிட்டிருக்க?"

சேலை பார்த்த பெண்கள் சேலையை விட்டுவிட்டு இவனைப் பார்த்தார்கள். அவர் பேசி முடிக்கும் வரை சோலைமலை தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றான்.

"நாளையிலேருந்து நிப்பாட்டித்தான் எறங்கணும். வெளங்குச்சா?"

"சரிங்க மொதலாளி" என்றான்.

மறுநாளும் நிறுத்தவில்லை.