முதல் மை

என் இடக் கன்னத்தில், கண்ணுக்குக் கீழிருந்து தாடை வரை, உள்ளங்கை அகலத்துக்குக் கருஞ்சிவப்பாய் ஒரு மச்சம். பிறக்கும்போதே வந்தது. டவுன் பஸ்ஸில் பக்கத்தில் உட்காருகிறவர்கள் "தீக்காயமா?" என்று கேட்பார்கள். இல்லை என்றால் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்துகொள்வார்கள். தீக்காயத்துக்கு இரக்கம் உண்டு, மச்சத்துக்குக் கிடையாது. கிரகணத்தன்று வயிற்றுப் பிள்ளையோடு வெளியே வந்து கன்னத்தைச் சொறிந்துவிட்டாளாம் என் அம்மா. அதைச் சொல்லியே அவளைச் சாகும் வரை குத்தினார்கள்.

எழுபதுகளின் கடைசியில் செல்லூரில் அண்ணன் வீட்டில் இருந்தேன். பவர்லூம் ஷெட்டில் நூல் சுற்றும் வேலை. மதினி உண்டானதும் கொட்டாம்பட்டியிலிருந்து அவள் அம்மா வந்து இறங்கினாள். வந்த அன்றே, என் காதில் விழட்டும் என்று, அண்ணனிடம் சொன்னாள்.

"மாப்ள, மாசமா இருக்கிற பிள்ள கண்ணுல இந்த மூஞ்சி படக்கூடாது. பாத்தா அப்படியேதான் பொறக்கும்."

அண்ணன் சரியென்று தலையாட்டினான்.

அன்றிலிருந்து வீட்டில் ஒரு சட்டம். வேலை விட்டு வந்தால் நான் வாசலில் நின்று இருமவேண்டும். இருமல் கேட்டதும் மதினி சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்வாள். நான் அடுப்படிக்குள் போன பிறகுதான் இந்தப் பக்கம் திரும்புவாள். நானும் சேர்ந்து சம்பாதித்துப் போட்ட வீட்டுக்குள் வேற்றாள் மாதிரி இருமிவிட்டு நுழைந்தேன். வளைகாப்பன்று ஷெட்டிலேயே இருக்கச் சொல்லிவிட்டார்கள். பல்லைக் கடித்துக்கொண்டு நூல் சுற்றினேன். என்னைக் கட்டிக்கொள்ள எவனும் வரப்போவதில்லை என்று எனக்குத் தெரியும். அத்தை என்று ஒரு பிள்ளை கூப்பிடுமே, அது ஒன்றுதான் எனக்கு மிச்சம். அதையும் பிடுங்கிக்கொள்வார்களோ என்று பயந்தேன்.

வளைகாப்பு முடிந்து மதினியைத் தாய்வீட்டுக்கு, கொட்டாம்பட்டிக்குக் கூட்டிப்போனார்கள். அங்கே பெண் குழந்தை பிறந்தது. முகத்தில் ஒரு புள்ளி இல்லை. "நல்லவேள, இவள ஒதுக்கி வச்சோம்" என்று கிழவி ஊரெல்லாம் சொல்லித் திரிந்தாள்.

பெயர் வைக்கிற அன்று என்னைக் கூப்பிடாமல் இருக்க முடியவில்லை. பிள்ளைக்கு முதல் மை அத்தைதான் வைக்கவேண்டும், அண்ணனுக்கோ வேறு தங்கச்சி கிடையாது. கொட்டாம்பட்டி வீட்டு வாசலில் நான் இருமவில்லை. நேரே உள்ளே போனேன். கூடம் நிறையச் சனம். கிழவி மைச்சிமிழை நீட்டினாள்.

"முந்தானையால கன்னத்த மூடிக்கிட்டு வையி. பிள்ள பயந்துரும்."

மூடவில்லை. குழந்தையை மடியில் வாங்கினேன். அது என் கன்னத்தையே பார்த்தது, அழவில்லை. இரண்டு கண்ணுக்கும் மை இட்டேன்.

"திருஷ்டிப் பொட்டு?" என்று கேட்டேன்.

"பின்ன, வைக்காமயா? அம்புட்டு அழகா இருக்கா. நல்லாப் பெருசா வையி."

விரல் கொள்ளாமல் மையை வழித்தேன். குழந்தையின் இடக் கன்னத்தில், கண்ணுக்குக் கீழிருந்து தாடை வரை அப்பினேன். கிழவி அலறிக்கொண்டு ஓடி வந்தாள்.

"நீங்கதானே பெருசா வைக்கச் சொன்னீங்க?" என்றேன். "எனக்குப் பொறக்கும்போதே வச்சு அனுப்பிட்டாங்க."

அவள் முந்தானையால் துடைக்கத் துடைக்க மை இன்னும் பரவியது. என் முகத்தையும் பிள்ளை முகத்தையும் பார்த்துவிட்டு, மதினி சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.