பிரமு அத்தையின் சொதியும் ஒரு சின்னப் பொய்யும்

போன வாரம் என் நாத்தனார் வடிவின் மகனுக்குப் பெண் பார்க்கப் போயிருந்தோம். கேசரி, உளுந்த வடை, காபி. "எல்லாம் எங்க பொண்ணே செஞ்சது" என்றார் பெண்ணின் அம்மா. அந்தப் பெண் திரும்பித் தன் அம்மாவைப் பார்த்த பார்வை இருக்கிறதே... அவளுக்கே அது புதுச் செய்தி!

வடிவு வாயில் வடையோடு சிரித்துவிட்டாள். புரையேறி, தண்ணீர் கொடுத்து, தலையில் தட்டி — ஒரே களேபரம். (கவலைப்படாதீர்கள். பெண் எல்லோருக்கும் பிடித்துப்போய், பேசி முடித்தாகிவிட்டது.) வடிவு எதற்குச் சிரித்தாள் என்பது அங்கே எங்கள் வீட்டுப் பழைய ஆட்களுக்கு மட்டும்தான் தெரியும். உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன்.

எழுபதுகளின் கடைசி. பாளையங்கோட்டையிலிருந்து சங்கரன்கோவிலுக்கு நான் மருமகளாக வந்த புதிது. என் மாமியார் பெயர் பிரமு. வீட்டுக்குத் தலைவர் மாமாதான் — பேருக்கு. வயலில் என்ன போடுவது, யாரை எங்கே கட்டிக்கொடுப்பது என்பதெல்லாம் அத்தையின் அடுப்படியில்தான் தீர்மானமாகும். ஆடித்தபசுத் திருவிழாவுக்கு அம்மனைப் பார்க்க வந்ததாகச் சொல்லும் சொந்தக்காரர்கள்கூட முதலில் எட்டிப் பார்ப்பது அந்த அடுப்படியைத்தான். கோவில் புற்றுமண் சகல நோய்க்கும் மருந்து என்பார்கள் எங்கள் ஊரில். மாமா அதைத் தேடியதெல்லாம் அத்தை சமையலை அளவு தெரியாமல் தின்ற நாட்களில் மட்டுமே.

மருமகளான எனக்கு அங்கே என்ன வேலை? தேங்காய் துருவுவது. ரொம்ப நாள் கழித்து, பால் பிழியும் அளவுக்குப் பதவி உயர்வு கிடைத்தது. அடுப்பை நெருங்கினால் போச்சு. "ஏட்டி, அங்கனயே நில்லு. ஒன் கை புதுசு. கொழம்பு மெரண்டுரும்" என்பார்.

வடிவு வேறு ரகம். பி.எஸ்சி. கணக்கு படித்தவள். எப்பேர்ப்பட்ட கணக்கையும் மனசிலேயே போடுவாள். வெந்நீர் போடச் சொன்னால் மட்டும் தண்ணீர் ஊற்றாமல் பாத்திரத்தை அடுப்பில் ஏற்றிவிடுவாள்.

அவளுக்குச் சிவகிரியிலிருந்து ஒரு வரன் வந்தது. தூரத்துச் சொந்தம். பையனுக்கு பேங்க் வேலை. போட்டோவைப் பார்த்துவிட்டு வடிவு என் காதில், "மதினி, இது மட்டும் தட்டிப் போயிரக் கூடாது" என்றாள்.

தட்டிப்போக ஒரே ஒரு காரணம்தான் இருந்தது. பையனின் அம்மா சமையலில் புலி என்று கேள்வி. மாமா உத்தரவு போட்டார்: "வடிவுதான் சமைச்சான்னு சொல்லணும். நீ வாயத் தொறக்கப்படாது."

"என் சொதிக்கு அவ பேரா?" என்றார் அத்தை, நகையைப் பறிகொடுத்தவர் மாதிரி. தேங்காய்ப்பாலில் காய்கறி போட்டு வைக்கும் சொதி திருநெல்வேலிப் பக்கம் எல்லா வீட்டிலும் உண்டு. ஆனால் அத்தைக்கு அது ராஜ்ஜியம். மகளுக்காக ஒருவழியாகத் தலையாட்டினார்.

சொந்தக்காரர்கள் என்பதால் 'பேசி முடிக்காமல் கை நனைக்க மாட்டோம்' என்ற பிகு எல்லாம் இல்லை. மதியச் சாப்பாட்டுக்கே வந்துவிட்டார்கள். பையனின் அம்மா சொதியை ஒரு வாய் வைத்தார். கண்ணை மூடினார்.

"யாரு வச்சது?"

"வடிவு" என்றார் மாமா, இலையைப் பார்த்துக்கொண்டே.

"ஆத்தாடி, இந்த வயசுல இந்தக் கைப்பக்குவமா!"

நிலைப்படியில் நின்ற அத்தையைப் பார்த்தேன். பெற்ற பெண்ணைப் புகழ்கிறார்கள் என்று சந்தோஷப்படுவதா, தன் பேரை மகள் தட்டிக்கொண்டு போகிறாளே என்று வயிறெரிவதா? இரண்டும் ஒரே முகத்தில். ஆனாலும் தாங்கிக்கொண்டார். புகழ்ச்சியை விட்டுக்கொடுத்துவிட்டார்!

பையனின் அம்மா அத்தோடு நிறுத்தியிருக்கலாம்.

"எறக்காம அடுப்புலயே வச்சி எலுமிச்சம்பழம் பிழிஞ்சிட்டா போல. லேசாத் திரிஞ்ச மாதிரி இருக்கு. சின்னப் பிள்ளதான, பழகிருவா."

அவ்வளவுதான்.

"யாரு பிழிஞ்சா அடுப்புல வச்சி? எறக்கி, ஆற விட்டுல்லா பிழிஞ்சேன்! இத்தன வருசத்துல எஞ்சொதியத் திரிஞ்சிருக்குன்னு ஒரு மனுசன் சொன்னதில்ல. அவளுக்குச் சுடுதண்ணி வைக்கத் தெரியாது மதினி... அவ எங்கன சொதி வைக்க!"

மாமாவின் கை, பிசைந்த சோற்றோடு பாதி வழியில் நின்றுவிட்டது. உள்ளேயிருந்து வடிவு வந்தாள். முகத்தில் ரத்தமே இல்லை.

"ஆமா. எனக்குச் சமைக்கத் தெரியாது. இனிமே கத்துக்கிடுதேன்."

"வேண்டாம்!" என்றார் பையனின் அம்மா. போட்ட சத்தத்தில் அவருடைய மகனே திடுக்கிட்டான். "கத்துக்கிட வேண்டாம் தாயி. அடுப்படியில இன்னொருத்தி நின்னா எனக்குக் கை ஓடாது. மூத்த மருமவ நல்லாச் சமைப்பா. அதனாலயே ரெண்டு பேருக்கும் ஆவல, தனியாப் போயிட்டா. சமைக்கத் தெரியாத பொண்ணாப் பாத்துக்கிட்டு இருக்கேன்... எந்த வீட்டுக்குப் போனாலும் எல்லாம் பொண்ணு செஞ்சதுங்காவ!"

முதலில் சிரித்தது மாப்பிள்ளைப் பையன்தான்.

வெற்றிலைத் தட்டு மாற்றப் போகும்போது அத்தை மறித்தார். "மதினி, அது திரியலன்னு ஒத்துக்கிட்டாத்தான் தட்டு மாத்துவேன்." மகளின் கல்யாணம் ஒரு கரண்டி சொதியில் தொங்கியது. சம்பந்தியம்மா இன்னொரு வாய் சாப்பிட்டு, நிதானமாக யோசித்து, "திரியல" என்றார்.

அதற்கப்புறம் அவர்கள் இருவரும் நடத்திய யுத்தம்! சிவகிரி பஸ்ஸில் தூக்குச்சட்டி போகும், வரும். கண்டக்டர் சட்டியோடு தீர்ப்பையும் கொண்டுவருவார்: "ஆச்சி, அவியல்ல தயிர் பத்தலன்னு சொல்லச் சொன்னாவ." அத்தை கொதிப்பார். உடனே அடுத்த சட்டி தயாராகும். அத்தை அவ்வளவு உற்சாகமாகச் சமைத்து நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

எண்பதுகளின் கடைசியில் அத்தை போய்விட்டார். துக்க வீட்டில் அடுப்பு எரியாதில்லையா? சம்பந்தியம்மாதான் சமைத்துக் கொண்டுவந்து எங்களை உட்காரவைத்துப் பரிமாறினார். அழுத முகத்தோடு எல்லோரும் சாப்பிட்டோம். "நல்லாருக்கு" என்றேன் நான். மாமாவும் தலையாட்டினார்.

சம்பந்தியம்மா கரண்டியை டங்கென்று வைத்தார்.

"என்ன நல்லாருக்கு? உப்பு கூடிப் போச்சு. இத்தன பேரு திங்கிய, ஒருத்தருக்குமா தெரியல? மதினி இருந்தா முத வாயிலயே சொல்லிருப்பாவ..."

சொல்லிவிட்டு அங்கேயே உட்கார்ந்து, அன்றைக்கு யாரும் அழாத அழுகை அழுதார்.

பாராட்ட எத்தனை பேர் வேண்டுமானாலும் கிடைப்பார்கள். உள்ளபடி குறை சொல்ல ஓர் ஆள் கிடைப்பதுதான் கஷ்டம்.