விளம்பரத்தை அமுக்கிய கைகள்

ஆரணியில் உட்கார்ந்துகொண்டு அமெரிக்காக்காரனிடம் காசு வாங்குகிறேன் என்று சொல்லிக்கொள்வதில் எனக்கு ஒரு காலத்தில் அத்தனை திமிர் இருந்தது. களம்பூர் அரிசி ஆலையில் கணக்கெழுதும் வேலையை விட்டுவிட்டு, பட்டுப்புடவை பற்றி ஓர் இணையதளம் நடத்திக்கொண்டிருந்தேன். அசல் ஜரிகையை எப்படிக் கண்டுபிடிப்பது, புடவையில் எண்ணெய் சொட்டிவிட்டால் என்ன செய்வது, எத்தனை மாதத்துக்கு ஒருமுறை மடிப்பை மாற்றிப் போடுவது, இவ்வளவுதான் விஷயம். தமிழிலும் என் ஓட்டை இங்கிலீஷிலும் எழுதுவேன். படித்தவர்கள் பெரும்பாலும் பெங்களூரிலும் வெளிநாட்டிலும் இருந்த நம் பெண்கள். பக்கத்தின் ஓரத்தில் ஒரு வெளிநாட்டுக் கம்பெனி விளம்பரம் போடும். யாராவது அதைப் பார்த்து அமுக்கினால் எனக்குக் காசு. மாதா மாதம் செக் வரும்.

ஆலையை விட்டபோது நான் பேசிய பேச்சு இருக்கிறதே, இப்போது நினைத்தாலும் காது சுடுகிறது. "இனிமே யார் முன்னாடியும் கைகட்டி நிக்கமாட்டேங்க" என்றேன் முதலாளியிடம். அவர் கோபப்படவே இல்லை. "நல்லா இரு. முடியலன்னா வா" என்றார். அந்த 'முடியலன்னா வா' என்னைக் குடைந்துகொண்டே இருந்தது. செத்தாலும் அந்த ஆலை வாசலை மறுபடி மிதிக்கக் கூடாது என்று வைராக்கியம் வைத்துக்கொண்டேன்.

ஒன்றரை வருஷம் நன்றாகப் போயிற்று. அப்புறம் செக் இளைக்க ஆரம்பித்தது. தளத்துக்கு வருகிறவர்கள் எண்ணிக்கை குறையவில்லை, வருமானம் மட்டும் பாதிக்குக் கீழே இறங்கிவிட்டது. எனக்கு ஓர் இழவும் புரியவில்லை. பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலையிலிருந்த வாசகி ஒருத்திதான் மெயில் போட்டு விளக்கினாள். உலாவியில் ஒரு சின்ன நிரலைச் சேர்த்துக்கொண்டால் விளம்பரம் எதுவும் கண்ணுக்கே தெரியாதாம். அவள் ஆபீசில் எல்லோரும் அதைப் போட்டுக்கொண்டுவிட்டார்களாம். 'உங்கள் பக்கத்தில் விளம்பரம் இருக்கிறது என்பதே எனக்கு இன்றைக்குத்தான் தெரியும்' என்று எழுதியிருந்தாள். அவள் தப்பாக ஒன்றும் சொல்லவில்லை. ஆனாலும் எனக்கு வந்த ஆத்திரம்!

முதலில் பக்கத்தின் மேலே ஒரு வேண்டுகோள் போட்டேன். என் தளத்துக்கு மட்டும் அந்தத் தடுப்பை நிறுத்தி வையுங்கள் என்று. கொஞ்சம் பேர் நிறுத்தினார்கள். அந்தக் கொஞ்சம் பேரை வைத்துக்கொண்டு பொறுமையாக இருந்திருக்கலாம். எனக்குத்தான் எல்லாம் ஜல்தியாக நடக்க வேண்டுமே! அடுத்த வாரம் வேண்டுகோளை எடுத்துவிட்டு வசவு போட்டேன். விளம்பரத்தை மறைத்துவிட்டுப் படிப்பது கூலி கொடுக்காமல் நெய்ய வைப்பதற்குச் சமம் என்று கொட்டை எழுத்தில். அதற்கும் அடுத்த வாரம், தடுப்பு வைத்திருப்பவர்களுக்குப் பக்கமே திறக்காதபடி பூட்டினேன். முகூர்த்தப் புடவையில் எண்ணெயைக் கொட்டிவிட்டு அலறிக்கொண்டு வந்த பெண்கள் பூட்டைப் பார்த்துவிட்டு வேறு தளத்துக்குப் போனார்கள். போனவர்கள் திரும்பவில்லை.

அதே பெங்களூர்ப் பெண் இன்னொரு யோசனையும் சொன்னாள். கம்பெனியிலிருந்து வரும் விளம்பரத்தைத்தான் அந்த நிரல் மறைக்கும். நீங்களே ஒட்டுகிற சாதாரணப் படத்தை மறைக்காது. உங்கள் ஊர்ப் பட்டுக்கடைகளில் நேராகப் போய்ப் பேசி, கடைப் படத்தைப் பக்கத்தில் போட்டு மாதவாடகை வாங்குங்கள் என்றாள். நல்ல யோசனை, அன்றைக்கே புரிந்தது. கடைத்தெருவில் ஒரு கடை வாசல் வரைக்கும் போனேன். கல்லாவில் என்னோடு பள்ளிக்கூடத்தில் படித்தவன் உட்கார்ந்திருந்தான். அமெரிக்கா செக் என்று இந்த ஊரிலேயே அதிகம் பீற்றிக்கொண்டது அவனிடம்தான். படியேறாமல் திரும்பி வந்துவிட்டேன். போய்க் கேட்பது கேவலம் என்று நினைத்தேன். அதைவிடக் கேவலமான காரியத்தை அந்த வாரமே செய்தேன்.

எங்கள் எதிர்வீட்டில் ஓர் அக்கா இருந்தார். தறி நெய்கிறவர், என்னைவிடப் பத்து வயது மூத்தவர். என் தளத்தில் இருந்ததில் பாதி, அவர் தறியில் உட்கார்ந்தபடி எனக்குச் சொன்னது. அவர் சொன்னார் என்று ஓர் இடத்திலும் நான் எழுதியதில்லை. அவர்தான் அன்று தெருவில் என்னை நிறுத்தினார்.

"இன்னா தம்பி, மூஞ்சத் தொங்கப் போட்டுகினு கீற?"

"விளம்பரத்த யாரும் பாக்கமாட்டேன்றாங்க அக்கா. இப்டியே போச்சுன்னா மறுபடியும் ஆலைக்குத்தான்."

"அய்யய்யோ! பாத்தா இன்னா ஆவும்?"

"பாத்துட்டு அமுக்கினா காசு வரும்."

"யார் அமுக்கினாலும் வருமா?"

நான் அங்கே நிறுத்தியிருக்க வேண்டும். தளம் நடத்துகிறவன் தானாகவோ தனக்கு வேண்டியவர்களை வைத்தோ விளம்பரத்தை அமுக்கக் கூடாது, கண்டுபிடித்தால் கணக்கை மூடிவிடுவோம் என்று கம்பெனியின் விதியில் முதல் பக்கத்திலேயே இருந்தது. அதை நான் படித்திருந்தேன். என் ஓட்டை இங்கிலீஷுக்கும் அது நன்றாகவே புரிந்திருந்தது.

"வரும் அக்கா. பிரவுசிங் சென்டருக்குப் போயி நாலு பேரு அமுக்கினாக்கூடப் போதும்" என்றேன்.

எங்கள் தெருவில் பாவு நீட்டுவதென்று ஒன்று உண்டு. தறியில் ஏற்றப்போகும் நீளவாட்டு நூலைத் தெருவில் இழுத்துக் கட்டி, அறுந்த இழைகளை முடிந்து சரிபார்ப்பார்கள். பாவு வைத்திருக்கும் வீட்டிலிருந்து விடியற்காலையில் ஒரு குரல் வந்தால் போதும், போட்டது போட்டபடி தெருவே எழுந்து வந்து கை கொடுக்கும். கூலி கிடையாது. நாலு பேர் வேண்டும் என்று கூப்பிட்டால் பதினாலு பேர் வந்து நிற்பார்கள். அக்காவுக்கு உதவி என்றால் அதுதான். நான் சொன்ன நாலு அவர் காதில் நாலாக ஏறவில்லை.

மறுநாள் பிரவுசிங் சென்டர் நிரம்பிவிட்டது. எங்கள் தெருப் பெண்கள் அத்தனை பேரும் சமையலை முடித்துவிட்டு வந்திருந்தார்கள். ஒருத்திக்கும் அதற்கு முன்னால் மவுஸைத் தொட்ட பழக்கம் கிடையாது. ஆளுக்குப் பத்து தரம், அப்புறம் அடுத்தவள் என்று அக்கா முறை வைத்திருந்தார். "ஏய், எழுந்திரு, உன் பத்து ஆயிடுச்சு!" என்று ஒரு குரல். "அமுக்க அமுக்க அமெரிக்காக்காரன் கடையத் தொறந்துகினே கீறான்டி!" என்று இன்னொரு குரல், பின்னாலேயே சிரிப்பு. அரை மணிக்கான காசை அவர்களே ஆளுக்குக் கொஞ்சம் போட்டுக் கட்டினார்கள். நான் கொடுக்கப் போனால் அக்கா கையைத் தட்டிவிட்டார். நாலு நாள் இப்படி நடந்தது. நாலு நாளும் நான் சென்டர் வாசலில் நின்று பார்த்தேன். வருமானக் கணக்கு ஏறிக்கொண்டே போவதைப் பார்த்து எனக்குப் பெருமைகூட இருந்தது. போதும் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை.

ஐந்தாம் நாள் காலையில் கம்பெனியிடமிருந்து நாலு வரியில் மெயில் வந்தது. கணக்கை மூடிவிட்டார்கள். வரவேண்டிய செக்கும் வராது. மன்றாடி எழுதினேன். பரிசீலிக்க முடியாது என்று சாயங்காலமே பதில் வந்துவிட்டது.

அதைப் படித்துவிட்டுத் தெருவுக்கு வந்தேன். அக்கா ஐந்தாறு பெண்களோடு பேசிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் முகமெல்லாம் சிரிப்பாக, "தம்பி, நாளைக்கு எத்தினி மணிக்குப் போவட்டும்?" என்று கேட்டார்.

"யாரக் கேட்டு இத்தினி பேரக் கூட்டிகினு போனீங்க?" என்று கத்தினேன். "நாலு எழுத்து தெரியாதவங்கல்லாம் கம்ப்யூட்டர்ல கைய வெச்சா இப்படித்தான்! என் பொழப்புல மண்ணப் போட்டுட்டீங்களே!"

தெரு மொத்தமும் கேட்கத்தான் கத்தினேன். என் பிழைப்பு போனதற்கு யார் காரணம் என்று எல்லோருக்கும் தெரிய வேண்டும் என்று நினைத்துத்தான் கத்தினேன். இதை மழுப்பி எழுத எனக்கு உரிமையில்லை. முறை வைத்து அமுக்கிய பெண்கள் ஒவ்வொருவராக நழுவி அவரவர் வீட்டுக்குள் போனார்கள்.

அடுத்த திங்கட்கிழமை சாப்பாட்டு டப்பாவோடு களம்பூர் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தேன். ஆலையில் மறுபடியும் சேர்த்துக்கொண்டிருந்தார்கள். அக்கா வேகமாக நடந்து வந்தார். ஒரு வாரமாக அவர் என் கண்ணில் படவே இல்லை. வந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நீ நாலு பேருன்னுதானே சொன்ன. நான்தான் கூறுகெட்டுப்போயி தெருவையே இட்டுகினு போனேன். போவமாட்டேன்னு இருந்த எடத்துக்கே உன்ன அனுப்பிச்சிட்டேனே தம்பி. ஒரு வாரமா தறியில ஒக்கார முடியல. என்ன மன்னிச்சிடு."

நாலு பேர் அமுக்கியிருந்தாலும் தப்புத்தான், அது எனக்கு முன்னமே தெரியும் என்று சொல்ல அப்போது நேரம் இருந்தது. பஸ் இன்னும் வரவில்லை. அதற்கப்புறமும் பல வருஷம் எதிரெதிர் வீட்டில்தான் இருந்தோம்.

"பரவால்ல அக்கா, விடுங்க. நான் மனசுல வெச்சுக்கல" என்றேன்.

அவர் முகம் தெளிந்துவிட்டது. "உனக்குப் பெரிய மனசு தம்பி" என்று சொல்லி, முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.